மெடிக்கல் கடைக்கு ஒரு கண்ணாடி, பீடிச் சுளகுக்கு ஒரு கண்ணாடி: ப்ரோக்ரசிவ் வாங்குமுன் பார்க்கவேண்டியவை

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் மெடிக்கல் கடை வைத்திருக்கும் 49 வயது அண்ணாச்சி ஒருவரின் கேள்வி இது. கண் பரிசோதனைச் சீட்டில் வலது கண்ணுக்கு −1.25, இடது கண்ணுக்கு −1.00, அதோடு −0.50 சிலிண்டர் (திசைக்குத் திசை மாறும் பவர்), இரண்டுக்கும் ஆட் +1.75. நாள் முழுக்க மாத்திரை அட்டையில் பொடி எழுத்து வாசிக்கவேண்டும், தலைக்கு மேலே ரேக்கில் மருந்து தேடவேண்டும், கம்ப்யூட்டரில் பில் போடவேண்டும், போகவர பைக். கண்ணாடிக் கடையில் தூரம், கிட்டம் எல்லாம் ஒரே லென்ஸில் தெரியும் ப்ரோக்ரசிவை மூன்று விலையில் காட்டுகிறார்கள், ஆன்லைனில் பாதி விலை. எதை வாங்குவது? முக்கூடலில் பீடி சுற்றும் 56 வயது அக்காவுக்கும் அதையே வாங்கிவிடலாமா?

அண்ணாச்சி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடுவிலை ப்ரோக்ரசிவ் ஒன்று போதும். ஆனால் அது பிரேமை உங்கள் முகத்தில் மாட்டி அளவெடுத்துச் செய்ததாக இருக்கவேண்டும். அக்காவுக்கு ப்ரோக்ரசிவ் வேண்டாம்.

நாற்பதைத் தாண்டியதும் வரும் சாளேஸ்வரம், கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்துப் பொருளுக்கு ஏற்ப வளைந்து கொடுக்காததால் வருவது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூட்டும் பவர்தான் சீட்டில் இருக்கும் ஆட். 45 வயது வாக்கில் +1.25, +1.50 என்று இருக்கும், 50-ல் +1.75, +2.00 ஆகும், 60-க்கு மேல் பெரும்பாலானோருக்கு +2.50 பக்கத்தில் நின்றுவிடும். பைஃபோகலில் இந்த ஆட் கீழே தனித் துண்டாகக் கோட்டோடு தெரியும். ப்ரோக்ரசிவில் கோடு கிடையாது. கருவிழிக்கு நேரே தூரப்பவர் இருக்கும், அங்கிருந்து கீழே இறங்க இறங்கப் பவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, 11 முதல் 14 மில்லிமீட்டர் இறங்கியதும் வாசிக்கும் பவர் வரும். இந்த இறக்கத்துக்குக் காரிடார் என்று பெயர்.

கோடில்லாமல் பவரைக் கூட்டினால் அதற்கு ஒரு விலை உண்டு. காரிடாரின் இரண்டு பக்கமும் மங்கலான பகுதி வந்தே தீரும். மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மன் கணிதக்காரர் 1963-ல் இதைக் கணக்காகவே நிறுவினார்: நடுக்கோட்டில் பவர் எந்த வேகத்தில் கூடுகிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர் கூடும். ஆட் பெரிதானால் மங்கல் அதிகம். காரிடார் குட்டையானாலும் மங்கல் அதிகம். வேரிலக்ஸ் என்ற ப்ரோக்ரசிவ் லென்ஸ் முதலில் 1959-ல் பிரான்சில் வந்தது. அன்றிலிருந்து இன்றைய ஃப்ரீஃபார்ம் லென்ஸ் வரை எல்லாக் கம்பெனியும் செய்வது அந்த மங்கலை நகர்த்தி, பரப்பி, கண் அதிகம் போகாத இடத்தில் ஒதுக்கிவைப்பதுதான். பக்கத்தில் மங்கலே இருக்காது என்று கடையில் யாராவது சொன்னால் அந்தக் கடையில் மற்ற பேச்சையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள்.

கடைக்குப் போகுமுன் ஒரு டேப்பை எடுத்து உங்கள் நாளை அளந்துவிடுங்கள். கண்ணிலிருந்து மாத்திரை அட்டை எத்தனை சென்டிமீட்டர்? கம்ப்யூட்டர் திரை எத்தனை? ரேக்கின் மேல்தட்டு எத்தனை, அது கண்மட்டத்துக்கு மேலேயா கீழேயா? கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் எத்தனை? 100-ஐ அந்தச் சென்டிமீட்டரால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குத் தேவைப்படும் பவர், அதாவது டயாப்டர், வரும்: 40 சென்டிமீட்டருக்கு 2.50, 60-க்கு 1.67, 80-க்கு 1.25. கண் பரிசோதனையில் ஆட் போடுவது வழக்கமாக 40 சென்டிமீட்டரை வைத்துத்தான். நீங்கள் அட்டையை 33-ல் பிடித்து வாசிக்கிறவர் என்றால் சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது. பொடி எழுத்துள்ள மாத்திரை அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய், சோதனை பிரேமைப் போட்டபடியே அதை வாசித்துப் பாருங்கள்.

உங்கள் பவரில் ஒரு வசதி இருக்கிறது, அது பலருக்குக் கிடைக்காது. −1.25 என்றால் கண்ணாடியைக் கழற்றினால் 80 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும் கண் அது. உங்கள் வயதில் கண்ணின் சொந்த வளைவும் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்பதால், 60 சென்டிமீட்டரில் இருக்கும் திரை கண்ணாடி இல்லாமலே படிக்க வரும். ஆகவே கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடியை உங்களிடம் விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். மேல்ரேக்கும் அதே கதைதான். ப்ரோக்ரசிவில் வாசிக்கும் பவர் கீழே இருப்பதால், தலைக்கு மேலே இருக்கும் பெட்டியின் பெயரைப் படிக்க நாடியை வானத்துக்குத் தூக்கவேண்டி வரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள், கழுத்து பிழைக்கும். தூரப்பவர் பிளஸ்ஸாக இருக்கிறவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் கவுண்டரில் உட்கார ஆஃபிஸ் லென்ஸ் ஒன்று தனியாகச் செய்துகொள்வது நல்லது. அதில் நேர்பார்வையிலேயே இரண்டு மீட்டருக்குள் இருப்பது தெளியும்படி பவர் வைத்திருப்பார்கள், நடுத்தூரப் பகுதி அகலமாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி மட்டும் ஓட்டக்கூடாது.

பரிசோதனைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது எடுத்த பவர் சில வாரத்தில் மாறிவிடும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் எடுங்கள். புரை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் மருத்துவர் பவர் நிலைத்துவிட்டது என்று சொல்லும்வரை, சாதாரணமாக ஒரு மாதம் ஒன்றரை மாதம், பொறுக்கவேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிந்திருக்கும் அன்று பிரேம் அளவு கொடுக்காதீர்கள். கண் கூசும், கிட்டத்துப் பார்வை எது சரி என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது. வயது 40 தாண்டியவர் கண்ணாடிக் கடையின் இலவச டெஸ்ட்டோடு நிற்காமல் ஒருமுறை கண் அழுத்தமும் விழித்திரையும் பார்த்துவிடவேண்டும். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஜங்ஷன் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனை என்று இங்கேயே வசதி இருக்கிறது. சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டால் லென்ஸை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம்.

பிரேம் தேர்வில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டைலுக்காகப் பட்டையான, உயரம் குறைந்த பிரேமை எடுத்துவிட்டு அதில் ப்ரோக்ரசிவ் போடச் சொன்னால், வாசிக்கும் பகுதி பாதி வெட்டுப்பட்டுக் கீழே போய்விடும். லென்ஸின் உயரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கருவிழி நடுவிலிருந்து லென்ஸின் கீழ் விளிம்பு வரை உள்ள அளவுக்கு ஃபிட்டிங் ஹைட் என்று பெயர். அது 18-க்கு மேல் வந்தால் 14 காரிடார் உட்காரும். 14, 15 தான் கிடைக்கிறது என்றால் குட்டைக் காரிடார் போடவேண்டும், அப்போது கம்ப்யூட்டர் தூரம் சுருங்கிவிடும். மூக்குப் பக்கம் சரிந்து குறுகும் ஏவியேட்டர் வடிவத்தில் வாசிக்கும் இடம் இருக்கிற மூலையே வெட்டுப்படுவதால் அதையும் தவிருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொன்றும் பார்க்கவேண்டும். மூக்கில் அசையாத அச்சுள்ள ஷெல் (பிளாஸ்டிக்) பிரேம் வேர்வையில் வழுக்கி இறங்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கினாலே போதும், தூரப் பகுதியும் வாசிக்கும் பகுதியும் சேர்ந்து கீழே போய், வாசிக்க நாடியைத் தூக்க ஆரம்பித்துவிடுவீர்கள். தனி நோஸ் பேட் உள்ள மெட்டல் பிரேமோ, நோஸ் பேட் வைத்த ஷெல்லோ எடுங்கள். பிற்பாடு கூட்டிக் குறைக்க வழியிருக்கும். காதுக்குப் பின்னால் பிரேமின் கை வளையும் இடம் காதுமடலின் உச்சியில் சரியாக உட்கார்ந்தால் பிரேம் வழுக்காது. பலர் மூக்கை இறுக்கச் சொல்கிறார்கள், வழுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் காதில்தான் இருக்கும்.

இனி அளவு. இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. முதலில் பிரேமை உங்கள் முகத்துக்கு முழுசாகச் சரிசெய்யவேண்டும்: நேராக உட்காரவேண்டும், கீழ் விளிம்பு கன்னத்துப் பக்கம் 8 முதல் 12 டிகிரி சாயவேண்டும், கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடைவெளி 12 முதல் 14 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதன்பிறகுதான் புள்ளி வைக்கவேண்டும். பிரேமை மேசையில் வைத்துவிட்டு ஸ்கேலால் உங்கள் கண்ணை மட்டும் அளந்து எழுதிக்கொள்ளும் கடையில் ப்ரோக்ரசிவ் ஆர்டர் கொடுக்காதீர்கள். அளவெடுப்பவர் உங்களுக்கு எதிரே, அவர் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்படி உட்காரவேண்டும். நீங்கள் இயல்பாகத் தூரத்தைப் பார்க்க, பிரேமில் இருக்கும் டம்மி லென்ஸில் இரண்டு கருவிழி நடுவுக்கும் நேரே மார்க்கரால் புள்ளி வைக்கவேண்டும். அவர் நின்றுகொண்டும் நீங்கள் உட்கார்ந்துகொண்டும் இருந்தால் புள்ளி இடம் மாறிவிடும். வைத்தபின் எழுந்து நான்கு எட்டு நடந்துபாருங்கள். உட்காரும்போது மார்பை நிமிர்த்தி விறைப்பாக இருப்பவர்கள் நடக்கையில் தலையைத் தாழ்த்துவார்கள், அப்போது புள்ளி கருவிழிக்கு நேரே நிற்காது.

பி.டி., அதாவது இரண்டு கருவிழி நடுவுக்கும் இடையிலான அளவு, இரண்டு எண்ணாக எழுதியிருக்கவேண்டும். 63 என்று ஒரே எண் போதாது, வலது 32, இடது 31 என்று தனித்தனியாக வேண்டும். எல்லா மூக்கும் நடுவில் இருப்பதில்லை, எல்லாருடைய இரண்டு கண்ணும் சரி உயரத்திலும் இருப்பதில்லை. ஃபிட்டிங் ஹைட்டும் அப்படியே இரு கண்ணுக்கும் தனியாக. இந்த நான்கு எண்ணையும் ஆர்டர் சீட்டில் எழுதி வாங்கி போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் பேசப்போவது இந்த எண்கள்தான்.

ஆன்லைன் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. செல்ஃபி எடுத்து பி.டி. கண்டுபிடிக்கும் ஆப் சுமாராக வேலை செய்யலாம். ஆனால் வரப்போகும் பிரேம் உங்கள் மூக்கில் எந்த உயரத்தில் உட்காரும் என்பதை அது ஊகிக்கத்தான் முடியும். ஒரே பவர் உள்ள வாசிப்புக் கண்ணாடிக்கு அந்த ஊகம் பரவாயில்லை. ப்ரோக்ரசிவில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் காசு வீண். வீட்டுக்கே ஆள் அனுப்பி பிரேம் மாட்டி அளவெடுக்கிற கம்பெனி என்றால் அது வேறு, மேலே சொன்ன அதே சோதனைகளை அவரிடமும் வையுங்கள்.

மூன்று விலை எதற்கு? அடிமட்டத்தில் இருப்பது அச்சில் வார்த்த பழைய வடிவம். நடுவில் இருப்பது கம்ப்யூட்டர் கணக்குப்படி செதுக்கிய ஃப்ரீஃபார்ம். உச்சியில் இருப்பது உங்கள் பிரேமின் சாய்வு, வளைவு, கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்த்துக் கணக்குப்போட்டது. சிலிண்டர் −0.50, ஆட் +1.75 என்ற உங்கள் பவருக்கு நடுவே நன்றாக இருக்கும். உச்சி விலைக்குப் போகவேண்டியவர்கள் வேறு: பவர் நாலு ஐந்து இருப்பவர், சிலிண்டர் இரண்டுக்கு மேல் இருப்பவர், ஆட் +2.50 வந்துவிட்டவர். அந்த விலை கொடுத்தும் சாய்வை யாரும் அளக்கவில்லை என்றால், அளக்காத அளவுக்குக் காசு கொடுத்ததாகத்தான் அர்த்தம். எஸ்ஸிலார், ஜெய்ஸ், ஹோயா, நிகான் என்று எந்தப் பெயராக இருந்தாலும், கம்பெனிப் பெயரோடு நிற்காமல் அந்த லென்ஸ் வகையின் முழுப்பெயர், காரிடார் நீளம், குறைந்தபட்ச ஃபிட்டிங் ஹைட் எவ்வளவு என்று கேளுங்கள். பழக வரவில்லை என்றால் மாற்றித்தருவார்களா, எத்தனை நாளைக்குள் என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், பில்லில் அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

−1.25-க்கு 1.67 ஹை இண்டெக்ஸ் (மெல்லிய லென்ஸ்) தண்டச்செலவு. 1.50 அல்லது 1.56 போதும். ரிம்லெஸ் பிரேம் என்றால் மட்டும் பாலிகார்பனேட்டோ 1.6-ஓ போடவேண்டும், சி.ஆர்.39 என்ற சாதா பிளாஸ்டிக் ஓட்டைப் பக்கம் விரிசல் விட்டுவிடும். ஏ.ஆர்.சி. என்ற பிரதிபலிப்பு குறைக்கும் கோட்டிங் கட்டாயம், ராத்திரி பைக்கில் எதிர்வண்டி லைட் சிதறித் தெரிவதைக் குறைக்கும். நீல ஒளியைத் தடுக்கும் புளூ கட் கண் களைப்பைக் குறைக்கும் என்று விற்கிறார்கள். 2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு குறுகிய காலத்தில் அப்படி ஒரு பலன் அநேகமாக இல்லை என்றே சொல்கிறது, சும்மா கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் கறுக்கும் லென்ஸ் பைக்குக்கு உதவும். ஆனால் சூடு கூடினால் அது கறுப்பது குறையும் என்பதால், அக்கினி நட்சத்திர மதியத்தில் படத்தில் காட்டின கறுப்பை எதிர்பார்க்காதீர்கள். காருக்குள் முன்கண்ணாடியே புறஊதாக் கதிரைத் தடுத்துவிடுவதால் சாதாரண வகை அங்கே கறுக்கவே கறுக்காது.

லென்ஸ் வந்ததும் கடைப் பையன் துணியை எடுத்துத் துடைக்கப் போவான். துடைக்க விடாதீர்கள். புது ப்ரோக்ரசிவ் லென்ஸில் மஞ்சளோ வெள்ளையோ மையில் சிலுவைக்குறியும் வட்டங்களும் அச்சிட்டிருக்கும். அந்த மையோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூரத்தைப் பாருங்கள், எதிரே நிற்பவர் சிலுவை உங்கள் கருவிழி நடுவில் நிற்கிறதா என்று சொல்லவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் அங்கேயே சொல்லிவிடுங்கள். மையைத் துடைத்தபிறகும் சரிபார்க்க வழியுண்டு: லென்ஸைச் சாய்த்து டியூப்லைட்டில் பார்த்தால் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண்ணிய குறி மெலிதாகத் தெரியும். காதுப்பக்கக் குறிக்குக் கீழே ஆட் பவர், +1.75-ஆக இருந்தால் 17 அல்லது 175 என்று, பொறித்திருக்கும். மூக்குப்பக்கம் கம்பெனி அடையாளம் இருக்கும். குறியே இல்லாத லென்ஸைக் கம்பெனி லென்ஸ் என்று கொடுத்தால் உறையையும் அட்டையையும் கேளுங்கள்.

பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். காலையில் எழுந்ததும் போடுங்கள், பழைய கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் பழக்கம் தள்ளிக்கொண்டே போகும். பார்க்கவேண்டியதன் பக்கம் மூக்கைத் திருப்புங்கள், கண்ணை மட்டும் ஓரத்துக்கு உருட்டினால் மங்கலுக்குள்தான் போகும். பைக்கை இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள், பிறகும் சைடு மிரரைத் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகுங்கள். படியிறங்குவதில்தான் ஆபத்து. குறுக்குத்துறைப் படித்துறையில் தலையைத் தாழ்த்தாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தால் 40 சென்டிமீட்டருக்கான பவர் வழியாக ஒன்றரை மீட்டரில் இருக்கும் படியைப் பார்ப்பீர்கள், விளிம்பு கலங்கித் தெரியும். நாடியை மார்புக்குத் தாழ்த்தி, லென்ஸின் மேல்பாதி வழியாகப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் சரியில்லை என்றால், என்ன செய்தால் தெளிகிறது என்று கவனியுங்கள், அதிலேயே கோளாறு தெரிந்துவிடும். நாடியைத் தாழ்த்தினால் தூரம் தெளிகிறது என்றால் லென்ஸ் உயரமாக உட்கார்ந்திருக்கிறது, நோஸ் பேடைக் கொஞ்சம் விரித்தால் இறங்கும். வாசிக்க நாடியைத் தூக்கவேண்டியிருந்தால் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது, பேடை நெருக்கினால் ஏறும். அட்டையை ஒரு பக்கமாக நகர்த்தினால்தான் எழுத்து தெளிகிறது என்றால் பி.டி. தப்பு, அது பேடால் தீராது, லென்ஸ் மாற்றவேண்டும். தரை அலைவது போலிருப்பது நாளாக ஆகக் குறைந்தால் பழக்கம்தான். குறையாமல் தலைவலியோ இரட்டையாகத் தெரிவதோ நீடித்தால் சிலிண்டரின் கோணத்தையும் (ஆக்ஸிஸ்) பவரையும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆனி ஆடிக் காற்றில் பைக்கில் வந்தால் லென்ஸில் மண் படிந்திருக்கும். அப்படியே கைலியால் துடைத்தால் கோட்டிங் கீறிப்போகும், முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உப்புப் போர் தண்ணி காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், அதைத் துணியால் உடனே ஒற்றியெடுக்கவேண்டும். வெயிலில் பைக் டேங்க் மேலே வைத்தால் கோட்டிங் வெடிக்கும்.

அக்கா விஷயம். பீடி சுற்றுகிறவர் தரையில் உட்கார்ந்து, சுளகை மடியில் வைத்து, மணிக்கணக்கில் தலையைக் குனிந்தே இருக்கிறார். குனிந்த தலைக்கு மடி நேரே எதிரில் வந்துவிடும், அப்போது ப்ரோக்ரசிவின் அடிப்பகுதி பயன்படாது, நடுத்தூரப் பகுதி வழியாகத்தான் சுளகு தெரியும், இலையின் நரம்பு மங்கும். அவருக்கு வேண்டியது லென்ஸ் முழுக்க ஒரே பவர் உள்ள வாசிப்புக் கண்ணாடி. அவர் வேலைக்கு உட்காரும்போது கண்ணிலிருந்து சுளகு வரை டேப் பிடித்து அளந்துபோங்கள். 45 சென்டிமீட்டர் என்றால், தூரப்பவர் எதுவும் இல்லாதவருக்கு அந்த வயதில் +2.00 பக்கம் சரியாக இருக்கும். 40 சென்டிமீட்டரை வைத்து எழுதிக்கொடுத்த பவரைப் போட்டால் இன்னும் குனியவேண்டி வரும், முதுகு போய்விடும். சுற்றிக்கொண்டே டி.வி.யும் பார்க்கிறவர் என்றால் D எழுத்து வடிவில் துண்டு அகலமான டி பைஃபோகல் போடுங்கள், துண்டின் மேல்விளிம்பைச் சாதாரணமாக வைப்பதைவிட இரண்டு மில்லிமீட்டர் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கையில் துண்டு குறுக்கே வரும், வீட்டு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். 56 வயதில் புரை தொடங்கியிருக்கவும் கூடும். இரண்டு கண்ணையும் மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகு கண்ணாடி அளவு கொடுத்தால் போதும்.